கைபேசிக்குள் வந்த கங்காணி

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வேலை விளம்பர மோசடியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா, இது போலீஸ் பார்க்க வேண்டிய காரியமல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். போலீஸ் பார்க்க வேண்டியதுதான். ஆனால் போலீசுக்குப் போகும் முன்பே பணம் போய்விடுகிறது. சில வீடுகளில் பணத்தோடு பிள்ளையும் போய்விடுகிறான். ஆகவேதான் இதை நாம் கூடிப் பேச வேண்டியிருக்கிறது.

நம் இனத்தாருக்கு இது புதிய கதையல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் முன்னோர் எப்படிப் போனார்கள்? கங்காணி ஊருக்கு வந்தான். நம் மொழியில் பேசினான். நம் சாதிசனத்தைத் தெரிந்தவனாக இருந்தான். முன்பணம் கொடுத்தான். கப்பல் ஏறிய பிறகுதான் அந்த முன்பணம் கழுத்துக் கயிறு என்று தெரிந்தது. 1938-இல் அன்றைய இந்திய அரசு மலாயாவுக்கு அப்படி ஆள் கொண்டு போவதைத் தடை செய்தது. கங்காணி முறை ஒழிந்தது என்று எழுதி வைத்தோம். இன்று அவன் கைபேசிக்குள் வந்திருக்கிறான். ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைய கங்காணி முன்பணம் கொடுத்தான். இன்றைய கங்காணி முன்பணம் வாங்குகிறான்.

நம் ஊர்களில் அவனுக்கு ஏன் இவ்வளவு எளிதாக இடம் கிடைக்கிறது? 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் களியக்காவிளை, இந்தப் பக்கம் பாறசாலை. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், வேலை அறிவிப்பில் ஆங்கிலம். கட்டட வேலை, ரப்பர் பால்வெட்டு, தறி இவற்றை விட்டு வெளியேற நினைக்கும் பிள்ளைக்கு அரசாங்க அறிவிப்பு முழுதாகப் புரிவதில்லை. மோசடிக்காரனின் வாட்ஸ்அப் செய்தியோ சுத்தத் தமிழில் வருகிறது. "மக்கா, ரெண்டு சீட்டுதான் பாக்கி. வேற யாருகிட்டயும் சொல்லாதே" என்று நம் ஊர்ப் பேச்சிலேயே வருகிறது. யாருடைய மொழி நம்மை வந்து சேருகிறதோ அவன் சொல்லையே நம்புகிறோம்.

நடந்த காரியங்களைப் பாருங்கள்.

நம் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்தே, அஞ்சுதெங்கு, பொழியூர்ப் பகுதி மீனவ இளைஞர்கள் சிலர் ரஷ்யாவுக்குப் போனார்கள். பாதுகாவலர் வேலை என்று சொல்லி அழைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபேஸ்புக்கில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனதாகப் பின்னால் செய்தியாளர்களிடம் சொன்னார். போய்ச் சேர்ந்த இடம் உக்ரைன் போர்முனை. 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. பின்னர் கைதானவர்களில் திருவனந்தபுரத்தாரும் கன்னியாகுமரி மாவட்டத்தாரும் இருந்தார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? "நம்ம ஊர்க்காரன், நம்மை ஏமாற்றுவானா?" என்ற கேள்விக்கு இதுதான் விடை.

இன்னொன்று தாய்லாந்து வேலை. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை அதிகாரி வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களை அழைத்துப் போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்பதே அந்த எச்சரிக்கை. அப்படி மீட்கப்பட்ட 13 பேர் 2022 அக்டோபர் 5-ஆம் நாள் தமிழகம் வந்து சேர்ந்தார்கள். அதோடு நிற்கவில்லை. 2025 மார்ச் 10, 11 ஆகிய இரண்டே நாட்களில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வேலைக்கென்று ஏமாந்து போனவனையே அடித்து உட்கார வைத்து, அடுத்தவனை ஏமாற்றச் சொல்லும் கொடுமை இது.

வெளிநாடு போகாமலே ஏமாறுவதும் உண்டு. "வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு" என்று டெலிகிராமில் வருகிறது. முதல் நாள் நூறோ இருநூறோ உண்மையாகவே வந்து விழும். அது தூண்டில் புழு. அடுத்து, "பெரிய வேலை எடுக்க வேண்டுமானால் ஐயாயிரம் கட்டு" என்பான். கட்டினால் திரையில் பத்தாயிரம் காட்டும். எடுக்கப் போனால், "இன்னும் இருபதாயிரம் கட்டினால்தான் திறக்கும்" என்பான். போட்டதை எடுக்கவே மேலும் போடுவோம். 2023 டிசம்பரில் மத்திய அரசு இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியது. ஒன்றை முடக்கினால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது.

இதைவிட ஆபத்தான ஒன்றையும் இளைஞர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். "உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கொடு, மாதம் கமிஷன் தருகிறோம்" என்று ஒரு 'வேலை' சுற்றுகிறது. யாரையோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும். போலீஸ் வரும்போது கணக்கில் இருக்கும் பெயர் உங்கள் பெயர். திருடியவன் எங்கோ இருப்பான். கோர்ட்டுக்கு நடப்பவர் உங்கள் தகப்பனார்.

சரி, உண்மை விளம்பரத்தையும் பொய் விளம்பரத்தையும் பிரித்தறிவது எப்படி? எட்டாம் வகுப்புப் படித்தவரும் கேட்கக்கூடிய சில கேள்விகளைச் சொல்கிறோம்.

முதல் கேள்வி: பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது? வேலை செய்கிறவனுக்குத்தான் கூலி வர வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், நேர்முகத் தேர்வுக் கட்டணம் என்று வேலைக்கு முன்பே கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கேரள பி.எஸ்.சி. தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. "பி.எஸ்.சி. வேலை வாங்கித் தருகிறேன், ரயில்வேயில் ஆள் இருக்கிறது" என்று பணம் கேட்பவன் எவனாயினும் பொய்யன்.

இரண்டாவது: ஏஜெண்டுக்கு லைசென்ஸ் உண்டா? 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் லைசென்ஸ் உள்ளவர் பட்டியலும் ரத்தானவர் பட்டியலும் இருக்கின்றன. ஏஜெண்ட் காட்டும் தாளை நம்ப வேண்டாம்; அந்த எண்ணை அக்ஷயா மையத்தில் கொடுத்து நீங்களே பார்க்கச் சொல்லுங்கள். பெயர் மட்டும் ஒத்திருந்தால் போதாது. முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒத்திருக்க வேண்டும். நல்ல கம்பெனியின் பெயரைத் திருடிப் பொய்க் கடை போடுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது: எவ்வளவு கேட்கிறான்? லைசென்ஸ் உள்ள ஏஜெண்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது; ரசீது தர வேண்டும். மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்றால் அது சட்டத்துக்குப் புறம்பு. ரசீது தர மறுத்தால், தனியாள் பெயரில் கூகுள் பே அனுப்பச் சொன்னால், அதுவும் அப்படியே.

நான்காவது: எந்த விசா? "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்ற ஒரே வாக்கியம் போதும், எழுந்து வந்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய இடங்களுக்கு வேலைக்குப் போக, குடியேறுவோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி சொல்கிறவன் உங்கள் பாதுகாப்பைக் கழற்றி எறிகிறான்.

ஐந்தாவது: ஒப்பந்தம் எந்த மொழியில்? சம்பளம், வேலை நேரம், முதலாளி பெயர், ஊர் ஆகியவை எழுத்தில் இருக்கின்றனவா? படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட் அசலையும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஓர் அடையாளம்: அவசரம். "இன்றைக்கே கட்டு, வீட்டில் சொல்லாதே." நேர்மையான வேலை நாளைக்கும் இருக்கும், நாலு பேர் பார்த்தாலும் இருக்கும்.

அப்படியானால் நேர்வழி எது என்று கேட்பீர்கள். கேரள அரசின் ஓடெபெக் நிறுவனம் 1977 முதலும், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதலும் இருக்கின்றன. நோர்க்கா ரூட்ஸ் அமைப்பும் ஆள் எடுக்கிறது. அங்கே வேலை உடனே கிடைத்துவிடும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். காத்திருக்க வேண்டும், தகுதி கேட்பார்கள். ஆனால் பணயம் வைத்த நகை பறிபோகாது.

ஏமாந்தவர்களுக்கு ஒரு சொல். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நீங்கள் மறைத்தால் அவன் அடுத்த வீட்டுக்குப் போகிறான். இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் அந்த மணி நேரத்திலேயே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. நோர்க்காவின் இலவச எண் 1800 425 3939. விளம்பரம், செய்தி, குரல் பதிவு, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள்.

எல்லைக்காரர்களான நமக்கு இன்னொரு தொல்லை உண்டு. "ஆபீஸ் களியக்காவிளையில், அங்கே போ" என்பார் இங்குள்ளவர். "நீ கேரளம், அங்கே போ" என்பார் அங்குள்ளவர். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் இத்தகைய புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம் என்கிறது. அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் சங்கத்தாரை அழைத்துப் போங்கள்.

தோழர்களே, எச்சரிக்கையாக இருங்கள் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் போதுமா? ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டியதையும் கேட்க வேண்டும். லட்சக்கணக்கில் சுருட்டியவனுக்கு 1983 சட்டத்தில் எழுதி வைத்த அபராதம் இரண்டாயிரம் ரூபாய், சிறை இரண்டாண்டு வரை. இது தண்டனையா, தொழில் வரியா? லைசென்ஸ் உள்ள ஏஜெண்டுகளின் பட்டியலையும் மோசடி எச்சரிக்கைகளையும் எல்லைப் பஞ்சாயத்துகள் தோறும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தி இந்தக் கோரிக்கையைத் தமிழிலேயே எழுதுவோம். இன்று கையெழுத்துத் தாள் இந்த மேசையில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வேலைக்கென்று பணம் கட்டுமுன், நகையைப் பணயம் வைக்குமுன், அந்த விளம்பரத்தை மூன்று பேருக்குக் காட்டுங்கள்: வீட்டில் ஒருவர், அயல்கூட்டத்தில் ஒருவர், சங்கத்தில் ஒருவர். பெண்கள்தான் இதை நடத்த வேண்டும். ஏனென்றால் கடைசியில் கழுத்திலிருந்து கழற்றப்படுவது அவர்களுடைய மாலைதான். ஒவ்வொரு வார்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வந்த விளம்பரம், எண், கேட்ட தொகை எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள்.