சூரைச்செடி நிழலில் ஓர் உறக்கம்



ஜூலை 12 புனித லூயி மார்ட்டின், புனித செலி மார்ட்டின் தம்பதியரின் திருநாள். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெற்றோர் என்றால் எல்லாருக்கும் விளங்கும். 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இவர்கள் இருவரையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர்களை நினைத்துக்கொண்டு இன்று, வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் தாய்மார்களைப் பற்றிப் பேசுவோம்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உண்டு. நம் பக்கம் அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஆனால் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் வீட்டுப் பெண்கள் பலர் ஒரே நாளில் ஆசிரியைகள் ஆகிவிட்டார்கள். கைப்பேசி ஒன்று, பிள்ளைகள் இரண்டு, அடுப்பில் உலை. பள்ளி திறந்த பிறகும் மாலைப் பாடம் அவர்கள் தலையில்தான்.

மூன்று பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் ஒரு தாய் நமக்கு எழுதியிருந்தார். காலை ஐந்து மணிக்கு எழுகிறார், இரவு பதினொன்றுக்குப் படுக்கிறார். “செபமாலையில் இரண்டாம் மறையுண்மைக்குள் கண் சொக்கிவிடுகிறது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். என் விசுவாசம் குறைந்துவிட்டதா, ஃபாதர்?” இதுதான் அவர் கேள்வி.

விசுவாசம் குறையவில்லை, அம்மா. உடம்பு களைத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு. இதைத் திருவிவிலியமே நமக்குச் சொல்லித் தருகிறது.

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, ஈசபேல் அரசிக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒருநாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். பிறகு படுத்து உறங்கிவிடுகிறார். இந்த நிலையில் இருப்பவரிடம் ஆண்டவர் என்ன செய்தார்? வானதூதரை அனுப்பினார். அந்தத் தூதர் அவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். சூடான கல்லில் சுட்ட அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். அவ்வளவுதான். எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். “இன்னுமா தூக்கம்?” என்று யாரும் கேட்கவில்லை. தூதர் இரண்டாம் முறையும் வந்து, மறுபடியும் சாப்பிடச் சொன்னார். போகவேண்டிய வழி அவர் பலத்துக்கு மிஞ்சியது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதன் பிறகுதான் நாற்பது நாள் பயணம், ஓரேபு மலை, மெல்லிய ஒலி எல்லாம். முதலில் உணவும் உறக்கமும், பிறகுதான் கேள்வியும் அனுப்புதலும்.

நாங்கள் குருக்கள் இந்த வரிசையை அடிக்கடி மாற்றிவிடுகிறோம். அன்னையர் நாள் வந்தால் போதும், “தியாகம், தியாகம்” என்று பீடத்திலிருந்து முழங்குகிறோம். மெழுகுதிரி போல உருகுபவள் தாய் என்கிறோம். உருகி முடிந்த திரியை என்ன செய்வோம் என்று யோசிப்பதில்லை.

செலி அம்மாவிடம் வருவோம். பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் கைப்பின்னல் சரிகை செய்து விற்றவர். வீட்டிலேயே தொழில், வேலைக்கு வரும் பெண்கள், ஒன்பது பிள்ளைப்பேறு. அவர்களுள் நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். அவர் எழுதிய 200-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் செபமும் உண்டு, சரிகைக் கணக்கும் உண்டு, அலுப்பும் உண்டு. தாம் களைத்திருப்பதை எழுத அந்தப் புனிதை வெட்கப்படவில்லை.

லூயி என்ன செய்தார் தெரியுமா? அவர் கடிகாரம் செய்பவர். 1870-இல் தம் கடையை உறவினர் ஒருவரிடம் விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் தோள் கொடுக்க வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆண் ஒருவர், மனைவியின் தொழில் வளர்கிறது என்று தம் கடையை மூடுகிறார்! கணவன்மார் இதைச் சற்று நின்று கேளுங்கள். பாடம் சொல்லிக் கொடுப்பதும் அந்த வீட்டில் ஒருவர் தலையில் விழவில்லை. மூத்தவள் மரி, தங்கை செலினுக்கு வீட்டில் கற்றுக்கொடுத்தாள். தாய் இறந்தபின் தெரேசாவுக்கு மறைக்கல்வி சொல்லித் தந்தவள் அக்கா பவுலின். எட்டு வயது தாண்டிய பிறகுதான் தெரேசா பள்ளிக்குப் போனாள்.

பிள்ளைகளின் கல்விக்கு முதல் பொறுப்பு பெற்றோருடையது என்கிறது கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி, எண் 2223. ‘பெற்றோர்’ என்றால் இருவர். நம் வீடுகளில் அது எப்படியோ ‘தாய்’ என்று சுருங்கிவிட்டது.

ஓய்வுநாள் கட்டளையும் அப்படித்தான். மகன், மகள், வேலைக்காரர், கால்நடை, அந்நியர் எல்லாருக்கும் அன்று ஓய்வு உண்டு என்று விடுதலைப் பயண நூல் பட்டியல் போடுகிறது. மனைவி என்ற சொல் அதில் இல்லை, ‘நீ’ என்பதில் அவரும் அடக்கம். ஆனால் நம் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். பூசை முடிந்து மாடுகூட நிழலில் படுத்திருக்கும், அம்மா மட்டும் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே சில காரியங்கள் கேட்கிறோம். மதியம் அரைமணி நேரம் அம்மா படுக்கட்டும், அந்த நேரத்தில் பிள்ளைகள் படம் வரையட்டும், சத்தம் போடாமல் விளையாடட்டும். இரவுக் கணக்குப் பாடத்தை அப்பா எடுக்கட்டும், தப்பாகச் சொல்லிக் கொடுத்தாலும் பரவாயில்லை, மறுநாள் திருத்திக்கொள்ளலாம். மந்திரங்களைப் பாட்டி சொல்லித் தரட்டும். அன்பியத்தில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து, சனிக்கிழமை மாலை ஆளுக்கொரு வாரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். விடுதலைப் பயணம் 18-இல், ஒற்றை ஆளாக மக்களுக்கு நீதி சொல்லிக் களைத்துப்போகும் மோசேக்கு, பொறுப்பைப் பிரித்துக்கொடுக்கச் சொன்னவர் அவருடைய மாமனார் இத்திரோ. மருமகளிடம் இதைச் சொல்லும் மாமியார் நம் பங்கிலும் இருப்பார்.

இன்னொன்று. 1865-இலேயே தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதைச் செலி தம் தம்பிக்கு எழுதியிருந்தார். பதினோர் ஆண்டு கழித்து, 1876 இறுதியில் மருத்துவர் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. 1877 ஆகஸ்டு 28 அன்று, 45 வயதில் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு நான்கரை வயது. அக்காலத்து மருத்துவத்தால் எவ்வளவு முடிந்திருக்கும் என்பது வேறு. இன்று முடிகிறது. “பரீட்சை முடியட்டும், பிறகு டாக்டரிடம் போகலாம்” என்று நீங்கள் தள்ளிவைத்திருக்கும் கட்டியோ, வலியோ, தூக்கமின்மையோ, காரணமில்லாத அழுகையோ இருந்தால், இன்றிரவே வீட்டாரிடம் சொல்லுங்கள். கணவர்களே, அவர் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள்.

நமக்கு எழுதிய அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை. படகில் இயேசு உறங்கியதைச் சொல்லும் மாற்கு, அவர் தலையணை வைத்துப் படுத்திருந்ததையும் மறக்காமல் எழுதியிருக்கிறார். புயல் அடித்துக்கொண்டிருந்தது, அவர் தூங்கினார். இரண்டாம் மறையுண்மைக்குள் தூக்கம் வந்தால் செபமாலையைத் தலையணையருகே வைத்துவிட்டுப் படுங்கள், அம்மா. மீதியைப் பிள்ளைகள் சொல்லி முடிப்பார்கள்.