லேப்டாப் அனுப்பும் முன் மூன்று கேள்விகள்

(பிளசன்டன் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் திருத்தவில்லை.)



நம்ம முன்னாடி இருக்கிற யோசனை எல்லாருக்கும் தெரியும். இங்கே கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப்புகளைச் சேகரித்து, தமிழ்நாட்டுக் கிராமத் தொடக்கப்பள்ளிகளுக்கு அனுப்பலாமா? உடனே 'ஆமா' சொல்லத் தோணும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1982இல் ஸ்டீவ் ஜாப்ஸ் வாஷிங்டன் போய், பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தால் வரிச்சலுகை வேணும்னு கேட்டார். மசோதா கீழவையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. கலிபோர்னியா மட்டும் தன் பங்குக்குச் சலுகை கொடுத்தது. 1983இல் ஆப்பிள் இந்த மாநிலத்தில் சுமார் 9,000 பள்ளிகளுக்கு ஆப்பிள் டூ-இ கணினிகளை வழங்கியது. பள்ளிக்கு ஒன்று. மொத்தப் பள்ளியும் வரிசையில் நின்றால் ஒரு குழந்தைக்கு எத்தனை நிமிஷம் வரும்? கம்பெனிக்கோ வரிச்சலுகையும் வந்தது, வருங்கால வாடிக்கையாளர்களும் வந்தார்கள்.

அடுத்து 2014. பள்ளிகளுக்கான சேவையில் மாணவர்களின் மின்னஞ்சலை விளம்பரத்துக்காக ஸ்கேன் செய்வதை நிறுத்துவதாக கூகுள் அறிவித்தது. மாணவர் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதே ஆண்டு கலிபோர்னியா சட்டம் போட்டது. சும்மா கொடுத்த சேவைக்கும் ஒரு விலை இருந்திருக்கு.

இப்போ கேரளாவைப் பாருங்க. 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள்தான் வேணும்னு ஆசிரியர்களும் ஆர்வலர்களும் போராடினாங்க. அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களே பயிற்சி கொடுத்தாங்க. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான கணினிப் புத்தகத்தின் பெயர் 'களிப்பெட்டி'. மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. நாம திருவாதிரைக்குச் சாப்பிடுற களி இல்லை! அந்தப் பெயரிலேயே ஒரு கல்விக் கொள்கை இருக்கு.

தமிழ்நாடு 2011இல் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் கணினியையே பார்க்காத பிள்ளைகள் கைக்கு அது போனது பெரிய விஷயம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனா அது மேல்நிலை, கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கினது. ஆறு வயசுக் குழந்தைக்கு வேண்டியது வேற.

என்ன வேண்டும்? 1967இல் சேமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் மூவரும் குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கினார்கள். பின்னாடி அதில் ஒரு ஆமை சேர்ந்தது. 'முன்னே போ, வலப்பக்கம் திரும்பு' என்று குழந்தை ஆணையிடும்; ஆமை கோடு போடும். கோணல் வந்தால் ஏன் வந்தது என்று குழந்தையே தேடும். அங்கே குழந்தை கணினியை இயக்குகிறது. திரையில் வரும் நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டு நட்சத்திரம் வாங்கும்போது, கணினி குழந்தையை இயக்குகிறது.

அதனால் பெட்டி கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள். அந்தப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டோமா, பயிற்சிக்கு அவர்களுக்கு ஊதியத்தோடு நேரம் உண்டா? மென்பொருள் தமிழில், கட்டற்றதாக, இணையம் இல்லாமலும் ஓடுமா? மூணு வருஷம் கழித்து பேட்டரி செத்தால் யார் மாற்றுவது, எந்தப் பணத்தில்?

மூன்றுக்கும் பதில் இருந்தால் அனுப்புவோம். இல்லைன்னா, நம்ம ஊர்க் குப்பையை அவங்க ஊருக்கு அனுப்பிட்டு அதுக்குத் தோழமைன்னு பேர் வைக்கிறோம். முதல் கேள்விக்கான கடிதத்தை இன்னிக்கே எழுதலாம். யார் யார் கூட உட்காருறீங்க?