ஹவில்தார் எங்கிருந்து வருகிறார்?



இந்த நாற்காலியில் உட்கார என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் எதிரில் பேசுவது பெருமைதான். கொஞ்சம் உதறலாகவும் இருக்கிறது. நேரத்தைப் பற்றி ஏற்பாட்டாளர்கள் ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிட்டார்கள். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போர்க்காலப் படையில் கமிஷன் பெறாத அதிகாரிகளான ஹவில்தார், நாயக் ஆகியோரின் பங்கும் பயிற்சியும் என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். பங்கைப் பற்றி இந்த அவைக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரோமானியப் படையிலிருந்து இன்றைய படைகள் வரை கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றை எழுதியவர்களே பேசட்டும். பயிற்சியைப் பற்றி மட்டும், அதிலும் நம் வட்டாரத்தை வைத்து, சிலவற்றைச் சொல்கிறேன்.

செம்பரம்பாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போகிறவர்களுக்குப் புள்ளலூர் தூரமில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் அங்கேதான் நொறுக்கினார்கள். ராக்கெட்டுகள், வெடித்துச் சிதறிய மருந்து வண்டிகள், காஞ்சியில் இருந்தும் உதவிக்கு வந்து சேராத மன்றோ என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதித் தீர்த்துவிட்டோம். (இவர் ஹெக்டர் மன்றோ. மாணவர்கள் தயவுசெய்து நம் தாமஸ் மன்றோவை இதில் இழுக்க வேண்டாம்.) நமக்கு வேண்டியது அதே மாதம் 30ஆம் தேதி நடந்தது. அன்றுதான் மதராஸ் பயனியர்கள் என்று இரண்டு கம்பெனிகள் தொடங்கப்பட்டன. பின்னாளில் மதராஸ் சாப்பர்ஸ் ஆனதும், இன்று பெங்களூரில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பாக இருப்பதும் அந்தப் படைதான். ராணுவத்தில் எல்லாரும் ‘தம்பி’ என்று கூப்பிடுவதும் அந்தப் படையினரைத்தான்.

அந்தத் தம்பிகளில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றார். குழுவில் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். முழுதாக வெடிக்கச் சில வினாடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து தன் உடம்பால் மறைத்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

இதை வீரம் என்று சொல்லி மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வீரம்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் வெடியை மிதித்த சத்தத்துக்கும் முழு வெடிப்புக்கும் நடுவில் இடைவெளி உண்டு என்பது காதில் பட்டவுடன் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். காதில் மாட்டிய கருவியின் ஓசை மாறுவதைக் கேட்பது, துப்பாக்கிச் சனியனைச் சாய்வாகப் பிடித்து மண்ணை மெல்லக் குத்திப் பார்ப்பது, சரிபார்த்த பாதையில் வெள்ளை நாடா இழுப்பது எல்லாம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஆயிரம் தடவை திட்டிச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சொல்லிக்கொடுத்தவர் ஒரு நாயக்கோ ஹவில்தாரோதான். அவருக்கு இன்னொரு ஹவில்தார் சொல்லிக்கொடுத்திருப்பார். 1780இல் தொடங்கிய அந்தச் சங்கிலி சாப்பர்ஸில் அறுபடவே இல்லை என்பதே என் கட்சி.

காலாட்படையில் அது அறுந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்க்குப் போர்க்குணம் மங்கிவிட்டது என்று முடிவுகட்டினார். 1897இல் வெளிவந்த தன் நினைவுநூலிலும் அதை எழுதினார். சில இனத்தாரே போருக்கு ஏற்றவர்கள் என்ற ‘போர்க்குடி’க் கொள்கை வேரூன்றியது. மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் எஞ்சியவையும் கலைக்கப்பட்டன. சிப்பாய்களை இழந்தோம் என்று வருந்துகிறவர்கள் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். சிப்பாயைச் சில மாதங்களில் உருவாக்கலாம். ஹவில்தாருக்குப் பத்து வருஷமாவது வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் சுமார் 2 லட்சமாக இருந்த இந்தியப் படை 1945இல் 25 லட்சத்தைத் தொட்டது. புதுப் பட்டாளம் எழுப்ப, பழைய பட்டாளங்களிலிருந்து தேர்ந்த நாயக்குகளையும் ஹவில்தார்களையும் உருவி எடுத்தார்கள். ஒரகடத்தில் புது ஆலை திறக்கும்போது பழைய ஆலையின் லைன் லீடர்களை இழுத்துக்கொள்வார்களே, அதேதான். இரண்டு இடத்திலும் வேலை கெடும். பர்மாவில் அடிமேல் அடி விழுந்த பிறகே, 1943இல் காலாட்படைக் குழு கூடி, 14ஆம், 39ஆம் டிவிஷன்களைப் பயிற்சி டிவிஷன்களாக மாற்றச் செய்தது. அடிப்படைப் பயிற்சி முடித்தவனைக் காட்டுப் போருக்குத் தனியாகப் பழக்கினார்கள்.

நண்பர் ஒருவர், பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும், சென்ற கருத்தரங்கில் இரண்டு வாதங்கள் வைத்தார். சுபேதார் என்பவர் வைஸ்ராய் கமிஷன் பெற்றவர், அவருக்கு இந்தப் பொருளில் இடமில்லை என்பது முதலாவது. சட்டப்படி சரி. ஆனால் பெரும்பாலான சுபேதார்கள் நாயக், ஹவில்தார் படிகளில் ஏறி வந்தவர்கள். மாடிக்குப் போனவன் படி ஏறவில்லை என்று வாதிட முடியுமா?

மீண்டும் எழுப்பப்பட்ட மதராஸ் ரெஜிமென்ட் பர்மாவில் நன்றாகத்தானே போரிட்டது, அப்படியானால் சங்கிலி அறுந்ததால் என்ன நஷ்டம் என்பது இரண்டாவது. நன்றாகவே போரிட்டது. அதனால் ராபர்ட்ஸ் சொன்னது பொய்யாயிற்று. என் வாதம் பொய்யாகவில்லை. நிறுவனமாக இருந்த அறிவை மறுபடி உருவாக்கப் போரின் நடுவில் இரண்டு டிவிஷன்களை ஒதுக்க வேண்டியிருந்ததே, அந்தச் செலவை நண்பர் எந்தப் பத்தியில் எழுதுவார்?

ஒரே ஒரு வேண்டுகோள். டபிள்யூ. ஜே. வில்சன் 1882 முதல் பல தொகுதிகளாக வெளியிட்ட மதராஸ் படை வரலாற்றைப் போர்க்களங்களுக்காகவே புரட்டுகிறோம். அதில் பட்டாளங்களின் அமைப்பு, சம்பளம், பதவி எண்ணிக்கை பற்றிய வறண்ட பக்கங்களை யாரும் தொடுவதில்லை. ஹவில்தார் கிடைப்பது அங்கேதான். அதைப் படித்த பிறகும் நண்பருக்கு மறுப்பு இருந்தால் பிற்பகல் அமர்வில் சொல்லட்டும். நான் சாப்பிட்டதும் கிளம்பிவிடப் போவதில்லை.