கைப்பேசித் திரையும் கைப்பொருளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசு பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே, கைப்பேசியில் நடைபெறும் கிரிப்டோ வாணிபத்தின் திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கலாம். இதுவும் எழுத்தறிவின் ஒரு பகுதியே என்று சொல்லத்தான் இம்மேடையில் நிற்கிறோம்.

ஈராண்டுகட்கு முன் ஒரு மாலை, அம்பத்தூரில் ஒரு தேநீர்க் கடையில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரைச் சந்தித்தோம். தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராகப் பணிபுரிபவர். கைப்பேசியை நம்முன் நீட்டி, "ஐயா, எல்லாம் பச்சையாக இருக்கிறது. இப்போது வாங்கலாமா?" என்று கேட்டார். பார்த்தோம். சிவப்பும் பச்சையுமாய்ச் சிறு கம்பங்கள். ஓயாது மாறும் எண்கள். கீழே இரண்டு பொத்தான்கள். பட்டம் பெற்று முப்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்த நாம், அத்திரையின் முன் எழுத்தறியாதவராய் நின்றோம். "எங்களுக்கு இது தெரியாது தம்பி" என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வாறு சொல்ல நாணி, "நீ படித்த பிள்ளை; பார்த்துச் செய்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவர் அதில் இட்ட தொகை 40,000 ரூபாய். அஃது அவருடைய தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவிலே பெற்ற கடன். மூன்று திங்களில் எஞ்சியது 11,000 ரூபாய். தவணையை அத்தாயார் வீட்டு வேலை செய்து அடைத்தார். நம் சொல்லின் விலையை அந்த அம்மையார் கொடுத்தார். பின்னர் அம்மாணவரையே ஆசிரியராகக் கொண்டு, பல மாலைப் பொழுதுகளில் அத்திரையை எழுத்தெழுத்தாகக் கற்றோம்.

நம் பாட்டன்மார் வட்டிக்காரரின் புரோநோட்டிலே என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமல் கைநாட்டு வைத்தனர். அந்நிலை மாறவேண்டும் என்பதற்காகவன்றோ இத்தகைய சங்கங்கள் தோன்றின? இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள், தாம் படித்தறியாத திரையிலே "சம்மதம்" என்னும் கட்டத்தை அழுத்துகின்றனர். விரல் அதே விரல்தான், மைதான் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் ரூபாயின் சிக்கலையும் அதன் தோற்றத்தையும் தீர்வையும் ஆராய்ந்து எழுதிய நூல் 1923இல் இலண்டனில் வெளியாயிற்று. இந்திய நாணயத்தைப் பற்றி ஆராய்ந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் சாட்சியமும் அளித்தார். பணம் என்பது நமக்குப் புரியாத பொருளென்று அவர் ஒதுங்கவில்லை. நாமும் ஒதுங்கலாகாது. இனித் திரையைப் படிப்போம்.

முதலாவது, தலைப்பு வரி. அதிலே இரண்டு பெயர்கள் இணைந்து நிற்கும். பிட்காயினும் ரூபாயும் இணைந்திருந்தால், ஒரு பிட்காயின் எத்தனை ரூபாய் என்று பொருள். சில இணைகளில் ரூபாய்க்குப் பதிலாக யு.எஸ்.டி.டி. என்றிருக்கும். அது டாலர் மதிப்பை ஒட்டி நடக்குமாறு ஒரு நிறுவனம் வெளியிடும் வேறொரு காயின். நம் ரூபாயும் அன்று, அமெரிக்க அரசின் டாலரும் அன்று. அருகே உள்ள பெரிய எண், கடைசியாக நடந்த விற்பனையின் விலை. அது முடிந்துபோன செய்தி. அவ்விலைக்கு நமக்குக் கிடைக்கும் என்னும் உறுதி அதில் இல்லை.

இரண்டாவது, கம்பங்கள். இவற்றைக் கேண்டில், அதாவது மெழுகுவத்தி என்பர். ஜப்பானிய அரிசி வணிகர்களிடையே தோன்றிய முறை என்பர். ஒவ்வொரு கம்பமும் ஒரு காலப் பகுதியின் நான்கு விலைகளைச் சொல்லும்: தொடக்க விலை, முடிவு விலை, உச்சம், தாழ்வு. முடிவு விலை தொடக்கத்தை விட உயர்ந்திருந்தால் பச்சை, தாழ்ந்திருந்தால் சிவப்பு. அவ்வளவே. மேலே ஒரு நிமிடம், ஒரு மணி, ஒரு நாள் என்று கால அளவைத் தெரிந்தெடுக்கும் வசதி உண்டு. நிமிடக் கணக்கிலே பச்சையாய்த் தெரியும் அதே காயின், நாள் கணக்கிலே சிவப்பாய்த் தெரியலாம். பச்சை என்பது "வாங்கு" என்னும் கட்டளையன்று. நடந்து முடிந்ததன் பதிவு. அன்று நம் மாணவர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

மூன்றாவது, ஆர்டர் புத்தகம். பூவிருந்தவல்லியிலும் கோயம்பேட்டிலும் பூ வாங்கி விற்கும் நம் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். விற்பவர் ஒரு விலை சொல்கிறார். வாங்குபவர் ஒரு விலைக்குக் கேட்கிறார். திரையிலே விற்பவர் வரிசை சிவப்பு எழுத்திலும், வாங்குபவர் வரிசை பச்சை எழுத்திலும் நிற்கும். ஒவ்வொரு விலைக்கு எதிரிலும் எவ்வளவு சரக்கு என்று எழுதியிருக்கும். இரண்டு வரிசைகட்கும் நடுவே உள்ள இடைவெளியை உற்று நோக்க வேண்டும். பலர் வாங்கி விற்கும் காயினில் அது மெல்லிய கோடு. ஆளில்லாச் சந்தையில் அஃது அகலமான பள்ளம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதுவதுபோல் சொல்கிறோம். கடைசி விலை 100 ரூபாய் என்று திரை காட்டுகிறது. விற்பவர் வரிசையில் 101 ரூபாய்க்கு 20 காயின், 102 ரூபாய்க்கு 30, 105 ரூபாய்க்கு 50 உள்ளன. ஒருவர் "மார்க்கெட் ஆர்டர்" என்னும் முறையில் 100 காயின் கேட்கிறார். என்ன விலையானாலும் உடனே கொடு என்பது இதன் பொருள். அவர் கொடுப்பது 2,020, 3,060, 5,250 ஆக மொத்தம் 10,330 ரூபாய். உடனே மனம் மாறி விற்கிறார். வாங்குபவர் வரிசையில் 99 ரூபாய்க்கு 40, 98 ரூபாய்க்கு 40, 95 ரூபாய்க்கு 20 கேட்டிருக்கிறார்கள். கிடைப்பது 9,780 ரூபாய். சந்தை சரியவில்லை, எவரும் ஏமாற்றவில்லை, ஆயினும் 550 ரூபாய் போயிற்று. "லிமிட் ஆர்டர்" என்பது இதற்கு மாறானது. இன்ன விலைக்கு மேல் வாங்கேன், இன்ன விலைக்குக் கீழ் விற்கேன் என்று நாமே வரம்பு கட்டுவது. அவ்விலை வராவிடில் வாணிபம் நடவாது, அது நட்டமன்று.

நான்காவது, 25, 50, 75, 100 என்னும் விழுக்காட்டுப் பொத்தான்கள். நூறைத் தொட்டால் கணக்கிலுள்ள தொகை முழுதும் ஆர்டரில் ஏறிவிடும். விழுக்காட்டுக் கணக்கில் நாம் ஏழாம் வகுப்புப் பாடத்தை மறக்கலாகாது. 10,000 ரூபாய் 50 விழுக்காடு இறங்கினால் 5,000. அது மறுபடி 50 விழுக்காடு ஏறினால் 7,500தான். இழந்ததை மீட்க 100 விழுக்காடு ஏற வேண்டும். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், ஓராண்டிலே 16,000 டாலருக்கும் கீழே இறங்கியதை நினைவிற் கொள்க.

ஐந்தாவது, "ஃபியூச்சர்ஸ்" என்னும் பகுதியும் அதில் 5 மடங்கு, 10 மடங்கு, 50 மடங்கு என்னும் எண்களும். கையிலுள்ள 10,000 ரூபாயைக் கொண்டு ஒரு லட்சத்துக்கு வாணிபம் செய்வது 10 மடங்கு. விலை பத்து விழுக்காடு எதிர்த்திசையில் நகர்ந்தால் பத்தாயிரமும் போகும். அதற்குச் சற்று முன்னரே நிறுவனம் கணக்கை முடித்துவிடும். அன்றாடங் கூலி பெறுவோர் இப்பகுதியின் பக்கமே செல்லலாகாது என்பது நம் உறுதியான கருத்து.

திரையில் உள்ளவை இவை. பெரிய எழுத்திலே காட்டப்படாதவையோ இவற்றினும் முக்கியமானவை.

ஒன்று, கட்டணமும் வரியும். வாங்கும்போதும் விற்கும்போதும் நிறுவனம் கட்டணம் பெறும். 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டப்படி, கிரிப்டோ ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரியும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொரு காயினின் ஆதாயத்தில் கழிக்க இயலாது; அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லவும் இயலாது. விற்கும் தொகையில் ஒரு விழுக்காடு டி.டி.எஸ். பிடிக்கும் முறை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நட்டத்துக்கு விற்றாலும் பிடிப்பு உண்டு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வோர் அதனைக் கணக்கில் காட்டிப் பெறலாம். தாக்கல் செய்யும் பழக்கமே இல்லாத நம் பிள்ளைகட்கு அது போனது போனதே.

இரண்டு, காயின் யார் கையில் இருக்கிறது என்பது. திரையில் நம் பெயருக்கு எதிரே எண் நிற்கும். சரக்கு பெரும்பாலும் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்னும் இந்தியச் சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் இணையவழித் திருடப்பட்டன. கணக்குகள் முடக்கப்பட்டன. முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அவர் வாங்கியிருந்தது எக்ஸ்.ஆர்.பி. என்னும் காயின், திருடு போனவையோ வேறு வகை. 2025 அக்டோபரில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், கிரிப்டோ என்பது கையால் தொடும் பொருளும் அன்று, நாணயமும் அன்று. ஆயினும் அது சொத்தே, ஒருவர்க்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத்தக்க சொத்தே என்று தீர்ப்பளித்தார். நமக்கு ஆறுதல் தரும் தீர்ப்பு இது. எனினும் உரிமை உண்டு என்பது வேறு. பணம் உடனே கைக்கு வரும் என்பது வேறு. வழக்காடப் பொருளும் பொழுதும் உள்ளவர் நம்மிலே எத்தனை பேர்?

மூன்று, திரையே மெய்யானதா என்பது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் இணைப்பைத் தொட்டு இறக்கிய செயலியில், எண்கள் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகலாம். அது சந்தையன்று, வரைந்து வைத்த சித்திரம். பணத்தை எடுக்க முயன்றால், முதலில் வரி கட்டுக, கட்டணம் கட்டுக என்பார்கள். அவ்வாறு கேட்டவுடனே நிறுத்திவிட்டு 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைப்போருக்கு மீட்கும் வாய்ப்பு மணிக்கு மணி குறையும். இந்தியாவில் இயங்கும் கிரிப்டோ சந்தைகள் 2023 மார்ச் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துள்ளன. அவை மைய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லையேல் விலகுக. பதிவு இருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதையும் மறவற்க.

அன்பர்களே! கிரிப்டோ வாங்குக என்றோ, வாங்கற்க என்றோ ஆணையிட நாம் வரவில்லை. படித்து அறியாததில் பணம் இடாதீர் என்றே வேண்டுகிறோம். கடன் பணம், குழுப் பணம், பிள்ளைகளின் கல்விப் பணம் இவற்றை எந்தத் திரைக்கும் காட்டலாகாது.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மாலை வகுப்பிலே திங்களுக்கு ஒரு நாளை இத்தகைய பாடத்திற்கு ஒதுக்குங்கள். வங்கிப் படிவம், கடன் செயலி, காப்பீட்டுப் பத்திரம், வாணிபத் திரை ஆகிய இவற்றை நம் பிள்ளைகளும் தாய்மார்களும் ஒருங்கே அமர்ந்து படிக்கட்டும். முதல் வகுப்பை நடத்த அம்மாணவர் இசைந்திருக்கிறார். தாம் இழந்த 29,000 ரூபாயின் கணக்கை வரி வரியாகப் பலகையில் எழுதிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பாடம் நடத்த, நாம் முதல் வரிசையில் மாணவராய் அமர்வோம்.