விட்டுப்போன செடியும் மரமாகும்

(மேடவாக்கத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன்சாய் பற்றிப் பேசச் சொன்னாங்க. ஆழமில்லாத தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் கலை அது. சீனாவில் தோன்றி ஜப்பானில் வளர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னாடி நான் கற்றுக்கொண்டேன். அப்புறம் பிள்ளைகள், மாமியாருக்கு உடம்பு முடியாதது, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பது என்று பன்னிரண்டு வருஷம் தொடவில்லை. இப்போது மறுபடியும் எடுத்திருக்கிறேன். உங்களிலும் பல பேர் தையல், பாட்டு, கோலம் என்று ஏதாவது ஒன்றைப் பாதியில் விட்டவர்கள்தானே!

விட்ட வருஷம் வீண் இல்லை

போன்சாய்க்கு அழகே பருத்த அடிமரம்தான். சின்னத் தொட்டியில் போட்டு வெட்டிக்கொண்டே இருந்தால் அது பருக்காது. தரையிலோ பெரிய தொட்டியிலோ இஷ்டத்துக்கு வளர விட்டால்தான் பருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே சில வருஷம் அப்படி விடுவார்கள். அதனால் மொட்டை மாடியில் பெயிண்ட் டப்பாவில் மறந்துபோன செடி இருந்தால் தூக்கிப் போடாதீங்க. நமக்கு வேண்டிய அடிமரம் அதில் ஏற்கெனவே தயாராக இருக்கலாம்.

எந்த மரம்?

படங்களில் சிவப்பு இலையோடு அழகாக இருக்கும் மேப்பிள் மரம் நம் ஊருக்கு ஒத்து வராது. அது குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கணும். நம் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது, சித்திரை வெயிலில் இலை கருகிவிடும். விதைப் பாக்கெட் வாங்கி ஏமாற வேண்டாம். நமக்கு இச்சி, ஆல், அரசு, புளி, மாதுளை, காகிதப்பூ இருக்கிறது. பறவை எச்சத்தால் சுவர் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றை மழை பெய்து ஈரம் ஊறியதும் வேரோடு எடுங்க. செலவும் இல்லை, சுவரும் தப்பிக்கும்.

வடிவம் கொடுப்பது

1. ஓட்டையுள்ள தொட்டி எடுத்து, ஓட்டை மேல் வலைத் துண்டு வையுங்க. செம்மண், உடைத்த செங்கல் துண்டு, மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்புங்க. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

2. ஆணிவேரைக் குறைத்து, பக்க வேர்களை விசிறி மாதிரி பரப்பி நடுங்க. இச்சி, ஆல் வகைக்கு ஆடி மாதம் நல்லது. கத்திரி வெயிலில் வேண்டாம்.

3. துளிர் ஆறேழு இலை விட்டதும் இரண்டு இலை வைத்து வெட்டுங்க. கடைசியாக விட்ட இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, புதுக்கிளை அந்தப் பக்கம்தான் போகும். பால் வடிந்தால் துணியால் ஒற்றுங்க, கையைக் கழுவுங்க.

4. வளைக்க அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றலாம். வாரா வாரம் பாருங்க. தோலில் பதியும் முன் கம்பியை வெட்டி எடுக்கணும். கம்பி இல்லையென்றால் கயிறு கட்டிக் கீழே இழுக்கலாம்.

5. ஒரே நாளில் வேரை வெட்டி, கிளை கழித்து, கம்பியும் கட்டாதீங்க. ஒன்று முடிந்து புதுத்துளிர் வந்த பிறகு அடுத்தது.

டி.வி. மேல் வைக்கும் பொம்மை இல்லை இது. காலை வெயில் வேணும். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுங்க. கோடையில் இரண்டு வேளைகூடத் தேவைப்படும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்க.

கடன் எடுக்காதீங்க

ஒரு சகோதரி, “சங்கத்தில் கடன் எடுத்துத் தொழிலாகப் பண்ணலாமா?” என்று கேட்டாங்க. வேண்டாம் என்பதுதான் என் பதில். கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டணும். மரமோ நாலைந்து வருஷம் கேட்கும். இரண்டும் ஒத்து வராது. நாற்று, பூச்செடி விற்கிறவங்க தொழிலை அப்படியே நடத்துங்க. பக்கத்தில் நாலு தொட்டி போன்சாய் வளரட்டும். தேறினதை அப்புறம் விற்கலாம்.

“குள்ள மரம் வைத்தால் குடும்பம் வளராதாமே?” என்றும் கேட்கிறாங்க. ஜப்பானில் யமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஒரு பைன் மரத்தைத் தொட்டியில் காப்பாற்றினாங்க. 1625-லிருந்து வளர்ந்த மரம் அது. 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது மரமும் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது. 1976-ல் அந்த மரத்தை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தாங்க. இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. தண்ணீரும் வெயிலும் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் தொட்டி மரம் நம்மைவிட அதிக நாள் இருக்கும். பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

ஆடி மாதக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் விட்டுப்போன ஒரு செடியும் ஒரு கத்தரிக்கோலும் கொண்டு வாங்க. எல்லோரும் சேர்ந்து வேரை வெட்டி நடலாம்.