முந்நீர் கடந்த இணையர்



உடன்போக்கில் தலைவி சுரமும் மலையும் தலைவனோடு நடக்கிறாள். ஐங்குறுநூற்றில் அதற்கெனத் தனிப் பத்தே உண்டு. கடல் கடக்கையில் மட்டும் பெண் உடன்செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். புதுவைத் துறையிலிருந்து ரெயூனியன் தீவுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளுள் பெண்களும் இருந்தனர், அது வயிற்றுப்பாடு. ஊர் காணவே இருவராய்ப் போனவர்கள், கொச்சியில் தேநீர்க் கடை நடத்திய விஜயன், மோகனா. நாளொன்றுக்கு 300 ரூபாய் சேர்த்து, போதாததற்குக் கடன் வாங்கி, உழைத்து அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டனர். 2021இல் உருசியா சென்று திரும்பிய சில வாரங்களில் விஜயன் மறைந்தார்.

நூற்பா தோற்றது, எழுத்தில் இன்னும் தோற்கவில்லை. இருவர் போய்வந்த பயணத்தை நம்மிடையே பெரும்பாலும் கணவரே எழுதுகிறார். அடுத்த கூட்டத்துக்கு மனைவியின் நாட்குறிப்பையும் கேட்டு வாங்கி வாருங்கள்.