பங்கு என்னும் சொல்லும் ஒரு கோயிலும்



டோபி காட் என்னும் இடப்பெயர் இந்தி வழி வந்தது. சலவைத் தொழிலாளர் துணி துவைத்த நீர்த்துறையைக் குறிப்பது. துறை மறைந்து பெருவிரைவு ரயில் நிலையம் எழுந்த பின்னும் பெயர் நிலைத்துள்ளது. சொல் கட்டடத்தினும் நீண்டு வாழக்கூடும் என்பதற்கு இது சான்று. இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயத்தை இந்நோக்கில் காண்போம்.

தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பெற்ற இவ்வாலயத்திற்கு 1886இல் அடிக்கல் நாட்டினர். 1888இல் அது திறக்கப்பெற்றது. பிரான்சின் லூர்து நகரக் கோயிலே இதற்கு முன்மாதிரி. அக்கோயிலோ 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கோதிக் பாணியைப் பின்பற்றி 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்றது. ஆகவே, நடுவே உயரும் மணிக்கோபுரத்திலும் கூர்நுனி வளைவுச் சாளரங்களிலும் நாம் காண்பது ஐரோப்பாவின் இடைக்கால வடிவத்தையே. வட்ட வளைவைவிடக் கூர்நுனி வளைவு கூரையின் பாரத்தைப் பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும். எனவே இடைக்காலக் கட்டடக் கலைஞர்கள் சுவரை மெலிதாக்கிச் சாளரத்தை உயர்த்தினர். கோயிலுள் ஒளி பெருகியது.

வடிவம் வெளியிலிருந்து வந்தது. தமிழர் அதற்குத் தந்தவை சொற்கள். மாரியம்மன் உறையும் இடத்தைக் குறித்த ‘கோயில்’ என்னும் சொல்லையே மாதா உறையும் இடத்திற்கும் வழங்கினர். கோயிலைச் சார்ந்த மக்கட்பிரிவைப் ‘பங்கு’ என்றனர். அதன் குரு ‘பங்குத்தந்தை’ ஆனார். இதற்கு நிகரான ஆங்கிலச் சொல் ‘பாரிஷ்’. அதன் கிரேக்க மூலம் ‘பரோய்கியா’. அயலிடத்தில் தங்கி வாழ்தல் என்பது அதன் பொருள். ஐரோப்பியச் சொல்லில் வந்து தங்கியவர் தெரிகிறார். தமிழ்ச் சொல்லில் உரிமையுடைய பங்காளி தெரிகிறார். கடல் கடந்து வந்தோர்க்கு இவ்விரு பொருளும் பொருந்தியிருந்தன.

1974 முதல் இவ்வாலயம் எல்லா இனத்தவர்க்கும் பொதுவாயிற்று. தமிழ்த் திருப்பலியும் தொடர்கிறது. 2005இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும் சட்டம் கல்லையும் சுண்ணத்தையுமே காக்கும். விக்டோரியா தெருவிலுள்ள பழைய கன்னிமாடச் சிற்றாலயத்தைப் பாருங்கள்: 1904ஆம் ஆண்டின் கோதிக் கட்டடம் பொலிவுடன் நிற்கிறது, வழிபட்ட சமூகம் அங்கில்லை, இன்று அது விழாக்கூடம்.

மாணவர்களே, கட்டடத்தைக் காக்க அரசு உண்டு. ‘பங்கு’, ‘கோயில்’, ‘திருப்பலி’ என்னும் சொற்களைக் காப்பது அவற்றைப் பேசுவோரின் பொறுப்பு. அப்பொறுப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.